மூணாவது யூனிட்டுக்கு புதன்கிழமை

எங்கள் கம்பெனியில் பாதுகாப்புக் குழு கூடுகிற அறைக்குள் போவதென்றால் தலைக்கவசம் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஏசி அறை, மெத்தென்ற நாற்காலிகள், மேலேயிருந்து விழக்கூடியது என்று பார்த்தால் ஒரு பல்லிகூடக் கிடையாது. இருந்தாலும் உள்ளே இருக்கிறவர்கள் அத்தனை பேரும் வெள்ளை வெளேரென்று தலைக்கவசம் மாட்டி, தாடைப் பட்டையை இறுக்கிக்கொண்டு, அந்த இறுக்கத்திலேயே பிஸ்கட் மென்றுகொண்டிருப்பார்கள். பிளான்ட்டுக்குள் இறங்குகிற நாளில் மட்டும் கவசத்தைக் காரிலேயே விட்டுவிட்டு வருவார்கள். வெயிலில் தலை வேர்க்குமாம்.

நான் அங்கே கணக்குப் போடுகிறவள். சம்பளக் கணக்கு இல்லை, அழுத்தக் கணக்கு. குழாய்க்குள் எவ்வளவு அழுத்தம், வால்வு எப்போது திறக்கும், திறந்தால் எவ்வளவு வாயு போகும், இதுதான் என் பிழைப்பு. அதனால் எல்லோருக்கும் நான் 'கணக்கம்மா'. என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் மூணாவது யூனிட்டில் ஆபரேட்டர். கண்ட்ரோல் ரூமில் அவருக்குப் பக்கத்து நாற்காலி ஒல்லிக்கு. ஒல்லி என்றால் அவருடைய ஷிப்ட் கூட்டாளி. காற்றடித்தால் பறந்துவிடுவான் போல இருப்பான், ஆனால் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் எனக்குச் சட்டியில் மிஞ்சாது. என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவான்.

இவர்கள் இரண்டு பேரின் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கலன். கலனின் தலையில் ஒரு பழைய பாதுகாப்பு வால்வு. என் வயிற்றெரிச்சல் முழுக்க அந்த வால்வைப் பற்றித்தான்.

விஷயம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கலனுக்குள் அழுத்தம் ஏறினால் வால்வு தானே திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும், குக்கர் வெயிட் மாதிரி. வெளியேறுகிற வாயுவைச் சும்மா காற்றில் விட முடியாது. நாலு யூனிட்டின் வால்வுகளும் ஒரே பெரிய குழாய்க்குள் கொட்டும். அந்தக் குழாய் நேராக ஃப்ளேர் கோபுரத்துக்குப் போகும், உச்சியில் எரிகிற தீயில் எல்லாம் எரிந்துபோகும். ஒரு வால்வு திறந்தால் தொல்லையில்லை. மொத்தமாகக் கரண்ட் போனால்தான் வம்பு. பம்பெல்லாம் நின்று, குளிர்விக்கிற தண்ணீர் நின்று, நாலும் ஒரே நேரத்தில் திறக்கும், குழாய் திணறும். திணறுகிற குழாய் வால்வைத் திருப்பி அமுக்கும். குக்கர் விசிலடிக்கிற நேரத்தில் யாரோ வெயிட் மேல் கையை வைத்து அழுத்தினால் எப்படி? அதற்குப் பெயர்தான் பின்னழுத்தம். மூணாவது யூனிட்டில் இருக்கிற பழைய ரக வால்வு, தான் திறக்கிற அழுத்தத்தில் பத்து சதவீதம் வரைக்கும் பின்னழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் திறக்கவும் தெரியாமல் மூடவும் தெரியாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

நான் போட்ட கணக்கில் முப்பத்தி நாலு வந்தது. கம்ப்யூட்டர் பைத்தியக்காரத்தனம் பண்ணுகிறது என்று கையால் போட்டேன். அப்போதும் முப்பத்தி நாலு.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் இவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிவியை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதிக் குடு. எவன் என்ன சொன்னாலும் சொல்லட்டும். நான் இருக்கேன்ல? நான் உன் பக்கம்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான். எழுதிக் கொடுத்தேன்.

குழு கூடியது. எங்கள் குழு எப்போதும் மௌன அஞ்சலியோடுதான் தொடங்கும். அந்த வருடம் யாரும் சாகவில்லையே என்று நான் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். பழக்கம் விட்டுப்போய்விடக் கூடாதாம். எழுந்து நின்று, யாருக்கென்று தெரியாமல் துக்கப்பட்டோம். பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார். அவருக்குப் பின்னால் ஒரு காலி கண்ணாடி அலமாரி. வருடா வருடம் நடக்கிற கம்பெனிகளின் மாநாட்டில் சிறந்த பாதுகாப்புக்குக் கொடுக்கிற தங்கத் தலைக்கவசம் இந்த வருடம் எப்படியும் நமக்குத்தான் என்று அலமாரியை முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்கள். உள்ளே விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது.

"கணக்கம்மா, இந்த முப்பத்தி நாலு ரொம்ப எதிர்மறையா இருக்கே."

"சார், அது பின்னழுத்தம்."

"இருக்கட்டும். பத்துக்குள்ள வர்ற மாதிரி வேற ஏதாவது நல்ல எண் இல்லையா?"

"எண் என் கையில இல்ல சார். வால்வை மாத்தணும். பின்னழுத்தம் பாதிக்காத மாதிரி உள்ள உறை வெச்ச ரகம் இப்ப வருது. யூனிட்டைக் கொஞ்ச நாள் நிறுத்தினா மாட்டிடலாம்."

"மாத்தினா, இத்தனை வருஷமா தப்பான வால்வை வெச்சு ஓட்டினோம்னு ஆயிடாதா?"

"ஆகும் சார். அதுதான் உண்மை."

தலைவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "பாத்தீங்களா? அவங்களே ஒத்துக்கிறாங்க. நண்பர்களே, பாதுகாப்புக் குழுவோட முதல் கடமை என்ன? பாதுகாப்பு. யாரோட பாதுகாப்பு? முதல்ல குழுவோட பாதுகாப்பு. குழுவுக்கே பாதுகாப்பு இல்லைன்னா தொழிலாளியை யாரு காப்பாத்துவா? நான் தலைவரா வந்த நாள்லேருந்து ஒரு வால்வாவது என் ரூமுக்கு வந்து குறை சொல்லியிருக்கா? கேட்டுப் பாருங்க."

கைதட்டினார்கள். தலைக்கவசங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

வெளியிலிருந்து வரவழைத்த ஆலோசகர் ஒருவர் இருந்தார். கேட்டால்தான் வாயைத் திறப்பார், திறந்தால் பில் வரும். அவர் திறந்தார். "ஒரு வால்வை மட்டும் தனியா பிரிச்சுப் பார்க்கிறது அந்த வால்வுக்கு நாம செய்ற அநியாயம். சராசரி எடுங்க."

நாலு யூனிட்டுக்கும் சராசரி எடுத்தார்கள். அப்போதும் பத்தைத் தாண்டியது. "கிடங்குல மாட்டாம கிடக்கிற வால்வுகளையும் சேருங்க. அதுகளுக்குப் பின்னழுத்தமே கிடையாது, பூஜ்யம்" என்றார். சேர்த்தார்கள். அப்போதும் கொஞ்சம் இடித்தது. கழிப்பறை வால்வுகளையும் எண்ணி வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். போனவன் திரும்பி வந்ததும் ஒன்பதே முக்கால் வந்துவிட்டது. எல்லோருக்கும் முகம் மலர்ந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஆத்துல சராசரி ஆழம் முழங்கால் அளவுன்னு நம்பி இறங்கினவன் முங்கிச் செத்த கதைதான் சார் இது."

ஆலோசகர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "முங்கினவர் சராசரியை மதிக்கலைம்மா."

ஒன்பதே முக்காலுக்குக் கீழே என் கையெழுத்து வேண்டுமென்றார்கள். போட மாட்டேன் என்றேன். கையெழுத்தில்லாமல் அந்த எண் மாநாட்டுக்குப் போக முடியாது. அலமாரி விளக்கை யாரோ அணைத்தார்கள்.

வீட்டில் இவரிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டேன். ஒல்லியும் இருந்தான். கழிப்பறை வால்வு கதையைக் கேட்டு அவனுக்குப் புரையேறிவிட்டது. "அண்ணி, அப்ப நான் பாத்ரூம் போறதும் பாதுகாப்புப் பணிதானா?" என்றான். இவர் மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் கோடு போட்டுக்கொண்டே யோசித்தார்.

"எல்லா யூனிட்டும் ஒண்ணா திறந்தாத்தானே நெருக்கடி? ஒவ்வொரு யூனிட்டா முறை வெச்சுத் திறந்தா?"

"கரண்ட் என்ன முறை கேட்டுக்கிட்டா போகும்? போங்க நீங்க!" என்று நானும் சிரித்துவிட்டேன்.

ஒல்லி கிளம்பின பிறகு இன்னொன்றும் சொன்னேன். குழு மசியவில்லை என்றால் நேராக அரசாங்க ஆய்வாளருக்கே எழுதிவிடப் போகிறேன், கடிதம் மனசுக்குள் தயாராக இருக்கிறது, ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்றேன். அவர் தலையைத் தடவிக்கொடுத்து, "ஒரு வாரம் பொறு" என்றார். நான் பொறுத்தேன். மண்டூகம்.

அந்த ஒரு வாரத்துக்குள் குழு அவசரமாகக் கூடியது. தலைவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"களத்துல வேலை செய்ற ஊழியர் ஒருத்தர்கிட்டேருந்து ஒரு யோசனை வந்திருக்கு. எளிமையான யோசனை. எல்லா யூனிட்டும் ஒண்ணா திறந்தாத்தானே நெருக்கடி? ஒவ்வொரு யூனிட்டா முறை வெச்சுத் திறந்தா?"

வார்த்தைக்கு வார்த்தை அதுவே. என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு பருக்கை சிந்தாமல் அள்ளிக்கொண்டு வந்து இங்கே கொட்டியிருந்தார்கள்.

திட்டம் இதுதான். திங்கட்கிழமை விபத்து முதல் யூனிட்டுக்கு. செவ்வாய் ரெண்டாவது யூனிட்டுக்கு. புதன் மூணாவதுக்கு, வியாழன் நாலாவதுக்கு. வெள்ளிக்கிழமை, அந்த வாரம் வாய்ப்புக் கிடைக்காத யூனிட்டுக்கு. சனி, ஞாயிறு விடுமுறை, விபத்து கிடையாது. எந்தக் கிழமை கரண்ட் போனாலும் அன்றைய முறை உள்ள யூனிட்டின் வால்வு மட்டும்தான் திறக்க வேண்டும். மற்றவை பொறுமை காக்க வேண்டும். நாளுக்கு ஒரே வால்வு என்பதால் பின்னழுத்தம் பத்தைத் தொடவே தொடாது.

"சார், மத்த கலனுக்கெல்லாம் இந்த முறை எப்படித் தெரியும்?" என்றேன்.

"நல்ல கேள்வி. அறிவிப்பு ஒட்டப் போறோம்."

ஒட்டினார்கள். ஒவ்வொரு கலனின் வயிற்றிலும், ஏணி போட்டு ஏறி, எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒட்டினார்கள். மூணாவது கலனில் 'புதன் மட்டும்' என்று இருந்தது. ஆபரேட்டர்களை வரிசையாக நிறுத்தி, "என் யூனிட்டின் முறை வரும்வரை நான் விபத்துக்குள்ளாக மாட்டேன்" என்று உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். ஒல்லி கையை நீட்டியபடி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த அவசரக் கூட்டத்தின் முடிவில் தலைவர் என்னைத் தனியாக நிறுத்தி, மிகவும் அன்பாக, "ஆய்வாளருக்குக் கடிதம் எழுதுற எண்ணம் ஏதாவது இருந்தா விட்டுடுங்கம்மா" என்று சொல்லியிருந்தார்.

அந்தக் கடிதம் தெரிந்தது உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான். ஒருத்தி நான்.

கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் இவரை வாசலிலேயே மறித்துக் கேட்டேன். "நீங்கதானே போய்ச் சொன்னீங்க?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசினார். "உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னேன். நீ பாட்டுக்கு எழுதிப் போட்டா வேலையே போயிடும். நான் உன் பக்கம் இருந்துக்கிட்டுத்தான் அவங்க பக்கம் பேசினேன்."

"என் பக்கம் இருக்கிறவர் எதுக்குங்க அங்க போய்ப் பேசணும்?"

"உனக்குப் புரியாது. கணக்கு வேற, உலகம் வேற."

கூட இருந்தே குழி பறிக்கிறது என்பார்களே, அதை நான் ஆபீஸ் சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். சமையலறையிலும் பறிப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மறுநாளும் அவர் அதே நாற்காலியில், அதே சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதானே உட்காருவார்? கோபத்தோடு கோபமாகக் கடிதத்தை எழுதி அனுப்பினேன்.

ஆய்வாளர் அலுவலகம் வேகமாக வேலை செய்தது, குறை சொல்ல முடியாது. என் கடிதத்தைத் 'தக்க நடவடிக்கைக்காக' என்று முத்திரை குத்தி எங்கள் பாதுகாப்புக் குழுவுக்கே அனுப்பிவைத்தது. தபால் செலவு அவர்களுடையது. குழு தக்க நடவடிக்கை எடுத்தது. என் மேல் விசாரணை வைத்தது.

குற்றம்: ஊழியர்களிடையே அச்சத்தைப் பரப்பியது. சாட்சி: என் வீட்டுக்காரர்.

அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை. எதற்கு என்று கேட்டபோது ஏதோ மீட்டிங் என்றார். தலைவர் அவரைக் கேட்டார், "உங்க மனைவி இயல்பாவே பயந்த சுபாவமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் அப்படித்தான் சார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கேஸை மூடினேனான்னு திரும்பிப் போய்ப் பார்ப்பா. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. சில நாள் பாதி வழியில வண்டியைத் திருப்பச் சொல்லுவா."

அறை முழுக்கச் சிரித்தது. ஆலோசகர்கூடச் சிரித்தார், பில் இல்லாமல்.

"போய்ப் பார்த்தா? திறந்திருக்குமா?"

"எப்பவும் மூடித்தான் சார் இருக்கும்."

"குறிச்சுக்குங்க" என்றார் தலைவர். "அம்மா எச்சரிச்ச ஆபத்து ஒரு தடவைகூட நடந்ததில்லை."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வருடக்கணக்காக அந்தக் கேஸை நான் மூடிக்கொண்டு வந்ததால்தானே அது எப்போதும் மூடியிருந்தது? அதைச் சொல்ல வாயெடுத்தேன். நேரமாகிவிட்டது, டீ வந்துவிட்டது என்றார்கள்.

தீர்ப்பு ரொம்ப நியாயமாக இருந்தது. கணக்கம்மாவுக்கு மூணாவது யூனிட்டின் வால்வைப் பற்றி இவ்வளவு அக்கறை இருப்பதால், இனி அங்கேயே உட்கார்ந்து அதைக் கண்காணிக்க வேண்டும். கணக்குப் போடத் தேவையில்லை. அங்கே நாற்காலி காலியாக இருந்தது. ஏனென்றால் அதில் உட்கார்ந்திருந்தவருக்குப் பதவி உயர்வு. தலைமை அலுவலகத்தில் புதிதாக ஒரு பிரிவு திறந்து, என் வீட்டுக்காரரை விபத்து முறை அலுவலராகப் போட்டிருந்தார்கள். தனி அறை, தனி போன், ஒரு வெள்ளைத் தலைக்கவசம்.

ஆக, நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவர் முதுகு அந்தச் சுவரிலிருந்து தப்பித்துவிட்டது. பதிலுக்கு என் முதுகை அங்கே வைத்துவிட்டார்கள். அந்த உத்தரவை எனக்குக் கொண்டு வந்து கொடுத்ததும் அவர்தான். "கொஞ்ச நாளைக்குத்தான். நான் மேல இருந்து பார்த்துக்கறேன்" என்றார்.

ஒல்லி எனக்காக நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தான். "வாங்க அண்ணி. அண்ணன் போனார், அண்ணி வந்தாங்க. எனக்கு என்னிக்கு மேல கூப்பிடுவாங்களோ?" என்றான். அவனிடம் மட்டும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். மொத்தக் கரண்டும் போனால் ஒன்று ஓட வேண்டும். இல்லையென்றால் கலனின் தலையில், பாதுகாப்பு வால்வுக்குப் பக்கத்திலேயே, கையால் திறக்கிற வேறொரு வால்வு இருக்கிறது, ஃப்ளேர் குழாயில் சேராமல் நேராக வானத்துக்குப் போகிற குழாய் அது, அதைத் திறக்க வேண்டும். "நீ ஓடு. திறக்கிற வேலை எல்லாம் வேண்டாம்" என்றேன்.

"சரி அண்ணி" என்றான். இவன் எல்லாவற்றுக்கும் சரி என்பான்.

தினமும் காலையில் மேலேயிருந்து இவருடைய போன் வரும். "இன்னைக்கு ரெண்டாவது யூனிட் முறை. உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நிம்மதியா இருங்க." புதன்கிழமை மட்டும், "இன்னைக்கு உங்க முறை, தயாரா இருங்க" என்பார். நாங்கள் தயாராக இருப்போம். புதன்கிழமைகளில் ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் பெருமைப்பட்டுப் பேசினார். மற்ற கிழமைகளிலும் நடக்கவில்லை என்பதால் இன்னும் பெருமைப்பட்டார்.

மொத்தக் கரண்டும் ஒரு திங்கட்கிழமை போயிற்று.

முதலில் விளக்குகள் போயின. பிறகு பம்புகளின் இரைச்சல் நின்றது. அந்த இரைச்சலோடே வாழ்ந்தவர்களுக்கு அந்த அமைதி எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. முதல் யூனிட் வால்வு திறந்தது, ரெண்டாவது திறந்தது, நாலாவதும் திறந்தது. ஃப்ளேர் கோபுரத்தில் தீ ஆளை விழுங்குகிற மாதிரி எழுந்தது. மூணாவது கலனின் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. பின்னால் சுவருக்கு அந்தப் பக்கம் அதன் வால்வு படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தம். கணக்கில் நான் எழுதிய அதே சத்தம். எல்லாக் கலன்களும் அறிவிப்பைப் படிக்காமலேயே வேலை செய்துகொண்டிருந்தன.

போன் அடித்தது. பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டேன்.

"என்ன நடக்குது அங்க?" அவர்தான். "இன்னைக்குத் திங்கட்கிழமை. முதல் யூனிட் முறை. உங்களை யாரு திறக்கச் சொன்னது?"

"திறக்கலை! திறக்க முடியாமத்தான் அடிச்சுக்குது!"

"அப்ப சரி, முறைப்படிதான் இருக்கு. மேல கேட்டா அப்படியே சொல்லு."

போனைப் போட்டுவிட்டுத் திரும்பினால் ஒல்லி இல்லை. "டேய், ஓடுடா!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தேன். அவன் ஓடித்தான் போயிருந்தான், ஆனால் கலனைப் பார்த்து. கலன் மேல் ஏறி, கையால் திறக்கிற வால்வின் சக்கரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். உடம்பில் இருக்கிற அத்தனை எலும்பையும் வைத்துத் திருப்பினான். அது திறந்தது. வாயு வானத்துக்குப் பீறிட்டது. அதே நேரத்தில், அடித்து அடித்துத் தளர்ந்துபோன பழைய பாதுகாப்பு வால்வின் அடிமூட்டு கிழிந்து, அவன் தலைக்குப் பக்கத்திலேயே சீறியது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. கலன் பிழைத்தது. சுவர் பிழைத்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற நானும் பிழைத்தேன்.

ஒல்லிக்கு இடது தோள் வெந்துபோயிற்று. இடது காது முழுசாகப் போயிற்று, வலது காது பாதி. ஆஸ்பத்திரியில் நான் அழுதுகொண்டே திட்டினேன், ஏன்டா ஓடலை என்று. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணி, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றான். இவரும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். டாக்டர் காது விஷயத்தை விளக்கிச் சொன்னபோது இவர் என் பக்கத்திலேயேதான் நின்றார். வலது பக்கமாக நின்று பேசினால்தான் ஏதோ கொஞ்சமாவது கேட்கும் என்று டாக்டர் சொன்னதற்கு, நன்றாகத் தலையாட்டினார்.

குழு கூடியது. மௌன அஞ்சலி வழக்கம்போல. யாரும் சாகவில்லையே என்று இந்த முறை நான் கேட்கவில்லை.

தலைவர் பேசினார். "முறைப்படி நடந்தாத்தான் அது விபத்து. மூணாவது யூனிட்டுக்கு விபத்து புதன்கிழமை. திங்கட்கிழமை நடந்தது விபத்தா? இல்லை. அது முறைகேடு. நம்ம பதிவேட்டுல முறைகேடுக்குன்னு தனியா இடம் கிடையாது. ஆகவே இந்த வருஷமும் நம்ம நிறுவனத்துல விபத்து இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு சொல்லுவாங்க. இங்க தலைப்பாகைகூடப் போகலை!"

கைதட்டினார்கள். அலமாரி விளக்கை மறுபடி போட்டார்கள்.

ஒல்லியை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். தோளில் கட்டு. எதற்குக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று புரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். அவனிடம் வாக்குமூலம் வாங்குகிற பொறுப்பு விபத்து முறை அலுவலருக்கு. இவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வலது பக்கம் தாராளமாக இடம் இருந்தது. ஒல்லியைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து, பக்கத்தில் படுத்திருக்கிற குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, திங்கட்கிழமை நிகழ்வால உனக்கு ஏதாவது பாதிப்பு உண்டா?"

ஒல்லி எதிரே இருந்த தலைவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"நஷ்ட ஈடு ஏதாவது கேக்கணுமா?"

சிரித்தான்.

"இல்லைன்னு குறிச்சுக்குங்க" என்றார் இவர்.

"அவனுக்குக் கேக்கலை!" என்று எழுந்து கத்தினேன். "அந்தப் பக்கக் காது செத்துப்போச்சு! இவருக்குத் தெரியும்! டாக்டர் சொன்னப்ப கூட நின்னு கேட்டாரு! அவன் உங்க வீட்டு ஆள் மாதிரிங்க, என் கையால ஒண்ணா உட்கார்ந்து தின்னீங்களே ரெண்டு பேரும்!"

"அம்மா, உக்காருங்க" என்றார் தலைவர். "இங்க சாட்சி நீங்க இல்ல. அவரே சந்தோஷமாத்தான் இருக்காரு, பாருங்க."

நான் கத்தின சத்தம் மட்டும் ஒல்லியின் பாதிக் காதில் எப்படியோ விழுந்திருக்க வேண்டும். திரும்பி என்னைப் பார்த்து, "என்ன அண்ணி, நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

தங்கத் தலைக்கவசம் வந்து அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. போட்டோவில் இவர் தலைவருக்குப் பக்கத்தில் நிற்கிறார். மூணாவது யூனிட்டில் கிழிந்த அடிமூட்டைச் சரிபண்ணி, அதே பழைய வால்வையே மறுபடி மாட்டினார்கள். அறிவிப்பும் புதிதாக ஒட்டினார்கள், பழையது நனைந்துவிட்டது.

அறிவிப்பு ஒட்டின மறுநாள் காலையில் நானும் இவரும் வேலைக்குக் கிளம்பினோம். மாடியில் எங்கள் வீடு. கதவைப் பூட்டிவிட்டு இறங்கும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். எனக்கு மெமோ. முதல் யூனிட்டின் முறை நாளில் மூணாவது யூனிட்டைப் பழுதாக விட்டது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கீழே விபத்து முறை அலுவலரின் கையெழுத்து. எனக்குத் தெரியாத கையெழுத்தா அது?

"சும்மா ஒரு சடங்குதான்" என்றார். "ஒரு வரியில மன்னிப்பு எழுதிக் குடுத்துடு. மத்ததை நான் பார்த்துக்கறேன். நான் உன் பக்கம்தானே?"

நான் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பேசிப் பேசி என்ன கண்டேன்? இரண்டு படி இறங்கியதும், பழக்கமாக நான் திரும்பிப் போகிற இடத்தில் நான் திரும்பாததைக் கவனித்தார். அவரே நின்றார்.

"கேஸை மூடினியா?"

"இன்னைக்கு உங்க முறை" என்றேன்.

முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. நான் நிற்காமல் இறங்கினேன். பின்னால் அவர் தடதடவென்று மேலே ஓடுவதும், கதவு முன்னால் நின்று ஒவ்வொரு பையாகத் தட்டிச் சாவி தேடுவதும், "மூடினியா இல்லையா, சொல்லிட்டுப் போ!" என்று கத்துவதும் தெருவரைக்கும் கேட்டது. எனக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கும்.